பௌர்ணமியில் நிலாவை எடுக்காதீங்க! மொட்டை மாடி டெலஸ்கோப்பில் நிலாப் பள்ளங்களைப் படமெடுப்பது எப்படி?

பௌர்ணமி வந்தாலே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க நிலாதான். சிலர் போடும் படத்தில் அது வெறும் வெள்ளைப் பொட்டு. வேறு சிலர் போடும் படத்தில் பள்ளம், மேடு எல்லாம் துல்லியமாகத் தெரியும். ஏதோ விண்கலம் எடுத்து அனுப்பியது போல இருக்கும். இரண்டுமே போனில் எடுத்தவைதான். அந்த இரண்டாவது படத்தில் இருக்கும் பள்ளங்களை அந்த போன் உண்மையிலேயே 'பார்த்ததா' என்பதுதான் கேள்வி.

2023 மார்ச்சில் இந்தக் கேள்வி உலகம் முழுக்கப் பெரிய விவாதமானது. சாம்சங் போன் வைத்திருந்த ஒருவர் ஒரு சோதனை செய்தார். நிலாவின் படம் ஒன்றை எடுத்து, பள்ளம் எதுவும் தெரியாத அளவுக்கு வேண்டுமென்றே மங்கலாக்கினார். அதைக் கணினித் திரையில் ஓடவிட்டு, அறையை இருட்டாக்கி, தூரத்தில் நின்று போனில் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் வந்தன! எடுப்பது நிலா என்று ஏஐ கண்டுகொண்டால், விவரங்களை மேம்படுத்தும் வசதி வேலை செய்கிறது என்று நிறுவனம் விளக்கம் அளித்தது. படத்தின் மேல் வேறு படத்தை ஒட்டுவதில்லை என்றும், வேண்டாதவர்கள் அந்த வசதியை அணைத்து வைக்கலாம் என்றும் சொன்னது.

சரி, ஏஐ உதவி இல்லாமல், உண்மையான நிலாப் பள்ளத்தை நம் மொட்டை மாடியிலிருந்தே எடுக்க முடியுமா? தாராளமாக முடியும். அதற்கு மலை உச்சியோ, இருண்ட கிராமமோ தேவையில்லை. தெருவிளக்கு எரியும் தி.நகர் மாடியே போதும். ஒரு சின்ன டெலஸ்கோப், கையில் இருக்கும் போன், வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர். இந்த மூன்றும் இருந்தால் போதும். காலண்டர் எதற்கு என்கிறீர்களா? பிறகு சொல்கிறோம்.

போன் எவ்வளவு சின்னப் பள்ளத்தைப் பார்க்கும்?

ஒரு லென்ஸ் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் என்பதை அதன் ஜூம் தீர்மானிப்பதில்லை. ஒளி நுழையும் துளையின் அகலம்தான் தீர்மானிக்கிறது. ஒளி அலையாகப் பரவுவதால் வரும் கட்டுப்பாடு இது. எந்த மென்பொருளாலும் இதைத் தாண்ட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வானியலாளர் வில்லியம் டாஸ் இதற்கு ஒரு எளிய சூத்திரம் தந்தார். அதை நிலாவின் சராசரி தூரமான 3,84,400 கிலோமீட்டருக்குப் பொருத்திப் பார்த்தால், மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு கணக்கு கிடைக்கிறது.

216 என்ற எண்ணை, துளையின் அகலத்தால் (மில்லிமீட்டரில்) வகுங்கள். வரும் விடைதான், நிலாவில் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய மிகச் சிறிய அளவு, தோராயமாக, கிலோமீட்டரில்.

போனின் டெலிபோட்டோ லென்ஸின் துளை சில மில்லிமீட்டர்தான். 6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 216ஐ 6ஆல் வகுத்தால் 36 கி.மீ. நிலாவின் பிரபலமான கோப்பர்நிக்கஸ் பள்ளத்தின் விட்டம் 93 கி.மீ. அப்படியானால் அந்தப் பள்ளமே போனுக்கு இரண்டு, மூன்று புள்ளிகள்தான். அதன் சுவரில் இருக்கும் படிக்கட்டு போன்ற அடுக்குகளும், நடுவில் இருக்கும் சிகரங்களும் போன் படத்தில் தெரிந்தால், அவை அந்த லென்ஸ் வழியே வந்தவை அல்ல.

இதே கணக்கை டெலஸ்கோப்புக்குப் போடுவோம். 70 மி.மீ. டெலஸ்கோப்புக்குச் சுமார் 3 கி.மீ. 114 மி.மீ.க்கு 1.9 கி.மீ. 150 மி.மீ.க்கு 1.4 கி.மீ. போனோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

'அப்போ அப்போலோ வீரர்கள் நட்ட கொடி தெரியுமா?' என்பது டெலஸ்கோப் வைத்திருக்கும் எல்லோரிடமும் கேட்கப்படும் கேள்வி. தெரியாது. அங்கே விட்டுவரப்பட்ட இறங்குகலத்தின் அடிப்பாகம் சுமார் 4 மீட்டர் அகலம். அதைப் பிரித்துப் பார்க்கவே 54 மீட்டர் அகல டெலஸ்கோப் வேண்டும். 2.4 மீட்டர் கண்ணாடி கொண்ட ஹப்பிளுக்கே நிலாவில் 90 மீட்டருக்குக் குறைவானது தெரியாது. அந்த இடங்களை, நிலாவையே சுற்றிவரும் எல்ஆர்ஓ விண்கலம்தான் 2009 முதல் பக்கத்தில் போய்ப் படமெடுத்தது.

எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?

'525 மடங்கு பெரிதாகத் தெரியும்' என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால், அந்தப் பெட்டியை அப்படியே வைத்துவிடுங்கள். துளையின் அகலத்தை இரண்டால் பெருக்கினால் வருவதுதான் பயன்படும் அதிகபட்ச உருப்பெருக்கம். 70 மி.மீ. டெலஸ்கோப்புக்கு 140 மடங்கு. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், விவரம் கூடாது. மங்கலான ரீல்ஸை டிவியில் போட்டுப் பார்ப்பது மாதிரிதான்.

உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவது சுலபம். டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 900 மி.மீ. குவியத் தூரம் கொண்ட டெலஸ்கோப்பில் 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 36 மடங்கு. முழு நிலாவும் அழகாக அடங்கும். 10 மி.மீ. ஐபீஸ் போட்டால் 90 மடங்கு. தனித்தனிப் பள்ளங்களை எடுக்க இது சரி.

ஆரம்பிப்பவர்களுக்கு 114 அல்லது 130 மி.மீ. கண்ணாடி வைத்த, மேஜைமேல் வைக்கும் டாப்சோனியன் வகை நல்ல தேர்வு. ஸ்டாண்டு ஆடாமல் இருப்பதுதான் முக்கியம். நல்ல லென்ஸ் போட்டுவிட்டு, காற்றில் நடுங்கும் ஒல்லிக் காலில் நிற்க வைத்தால் எல்லாம் வீண். ஏற்கெனவே 70 மி.மீ. டெலஸ்கோப் வீட்டில் தூசி படிந்து கிடக்கிறதா? அதுவே போதும். 1609இல் கலிலியோ நிலாவைப் பார்த்த டெலஸ்கோப்பின் உருப்பெருக்கம் சுமார் 20 மடங்குதான். அதை வைத்தே நிலாவில் மலைகள் இருக்கின்றன என்று நிறுவினார். அவற்றின் உயரத்தையும் கணக்குப் போட்டு 1610இல் புத்தகமாகவும் போட்டார். அவருக்குச் சில மாதங்கள் முன்பே இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட், டெலஸ்கோப் வழியே பார்த்து நிலாவை வரைந்திருந்தார்.

பௌர்ணமி ஏன் வேண்டாம்?

சுவரில் இருக்கும் சின்ன மேடு பள்ளம் உங்களுக்கு எப்போது கண்ணில் படும்? டார்ச்சை நேராக அடித்தால் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்து அடித்தால், ஒவ்வொரு திட்டுக்கும் நிழல் விழுந்து பளிச்சென்று தெரியும். பெயின்டர்கள் பட்டி பார்த்த சுவரைச் சோதிப்பதும் இப்படித்தான்.

நிலாவிலும் இதே கதைதான். பௌர்ணமியன்று சூரியன் நமக்குப் பின்னால் இருந்து நிலாவின்மேல் நேராக அடிக்கிறது. நிழலே இல்லை. 4 கி.மீ. ஆழப் பள்ளம்கூடத் தட்டையான வட்டமாகத்தான் தெரியும்.

பிறை நாட்களில் நிலாவின் ஒளிப் பகுதிக்கும் இருள் பகுதிக்கும் நடுவே ஒரு கோடு ஓடும். இதற்குப் பெயர் டெர்மினேட்டர். (அர்னால்டு இல்லை!) வளர்பிறையில், அந்தக் கோட்டில் இருக்கும் இடங்களில் அப்போதுதான் சூரியன் உதிக்கிறது. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மலையும் தன்னைவிடப் பல மடங்கு நீளமான நிழலைப் போடும். பள்ளத்தின் விளிம்பு மட்டும் வெளிச்சத்தில் மின்ன, உள்ளே கும்மிருட்டாக இருக்கும். நடுச் சிகரத்தின் உச்சி மட்டும் அந்த இருட்டில் ஒரு பொட்டாகத் தெரியும்.

இந்தக் கோடு நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. நிலாவின் நடுக்கோட்டில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 15 கி.மீ. அதாவது சைக்கிள் வேகம். இரவு 7 மணிக்கு இருட்டாக இருந்த சிகரம் 8 மணிக்கு மின்னத் தொடங்கும். ஒரே பள்ளத்தை அரைமணிக்கு ஒருமுறை எடுத்து வரிசையாக வைத்தால், நிலாவில் விடிவதையே நீங்கள் படம் பிடித்துவிட்டீர்கள்.

பௌர்ணமி முழுக்க வீண் என்றும் இல்லை. டைகோ பள்ளத்திலிருந்து நாலாபுறமும் பீறிடும் வெள்ளைக் கதிர்க் கோடுகள் அன்றுதான் நன்றாகத் தெரியும். விண்கல் மோதியபோது வாரி இறைக்கப்பட்ட துகள்கள் அவை.

தினசரி காலண்டரே டைம்டேபிள்

எந்தப் பள்ளத்தை என்றைக்கு எடுப்பது? இதற்குத் தனி ஆப் வேண்டாம். காலண்டரில் போட்டிருக்கும் திதியே போதும். ஏனென்றால் திதி என்பதே ஒரு கோணக் கணக்கு. வானில் சூரியனைவிட்டு நிலா 12 டிகிரி விலகினால் ஒரு திதி. டெர்மினேட்டர் நிலாவில் எங்கே நிற்கிறது என்பதும் அதே கோணத்தைப் பொறுத்ததுதான். வளர்பிறை அஷ்டமியின் நடுவில் விலகல் சரியாக 90 டிகிரி. அப்போது பாதி நிலா. ஆகவே திதியைப் பார்த்தே பள்ளத்தைச் சொல்லிவிடலாம்.

வளர்பிறையில் உங்கள் பட்டியல் இதோ:

• சஷ்டி: தியோஃபிலஸ், சிரிலஸ், கேத்தரினா. ஒவ்வொன்றும் சுமார் 100 கி.மீ. அகலம். மூன்றும் ஒட்டி ஒட்டி நிற்கும். தியோஃபிலஸ், சிரிலஸின் சுவரை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பாருங்கள். எது பிந்தி வந்தது என்று படமே சொல்லிவிடும்.

• அஷ்டமி, நவமி: டாலமி, அல்போன்சஸ், அர்சாசெல். நிலாவின் நட்டநடுவில் வரிசையாக மூன்று பள்ளங்கள். டாலமி மட்டும் 150 கி.மீ.க்கு மேல். அஷ்டமியன்று சில மணி நேரம் மட்டும், டெர்மினேட்டர் ஓரத்து இருட்டில் மூன்று பள்ளங்களின் விளிம்புகள் சேர்ந்து ஒரு பெருக்கல் குறிபோல மின்னுவதையும் காணலாம்.

• நவமி: டைகோ (85 கி.மீ.), அதற்குத் தெற்கே மாபெரும் கிளாவியஸ், வடக்கே பிளேட்டோ. கிளாவியஸுக்குள் பெரிதிலிருந்து சிறிதாக வில்போல வளைந்து செல்லும் பள்ளங்களின் வரிசை, உங்கள் டெலஸ்கோப்புக்கு நல்ல பரீட்சை.

• தசமி: கோப்பர்நிக்கஸ். ஒரே ஒரு பள்ளம்தான் எடுக்க நேரம் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். சுமார் 4 கி.மீ. ஆழம், அடுக்கடுக்கான சுவர், நடுவில் சிகரங்கள்.

• துவாதசி, திரயோதசி: அரிஸ்டார்கஸ். 40 கி.மீ.தான், ஆனால் நிலாவின் மிகப் பிரகாசமான இடங்களில் ஒன்று.

காலண்டரில் போட்டிருப்பது சூரிய உதயத்தின்போது இருக்கும் திதி. பக்கத்திலேயே அது முடியும் நேரமும் இருக்கும். மாலை 7 மணிக்கு எந்தத் திதி ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிலா நம்மை நோக்கி லேசாகத் தலையாட்டிக்கொண்டே சுற்றுவதால், அரை நாள் முன்பின் ஆகலாம்.

போனில் எடுப்பது எப்படி?

1. சூரியன் மறைந்ததும் டெலஸ்கோப்பை வெளியே வைத்து, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் குழாய்க்குள்ளேயே சூடான காற்று அலையடிக்கும்.

2. முதலில் 25 மி.மீ. ஐபீஸ். கண்ணால் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

3. போனை ஐபீஸ்மேல் பிடித்து நிறுத்த ஒரு போன் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கையில் பிடித்து எடுப்பது விளையாட்டுக்குச் சரி. தொடர்ந்து எடுக்க முடியாது. மெயின் கேமராவையே ஐபீஸின் நடுவில் பொருத்துங்கள். அல்ட்ரா வைடு வேண்டாம்.

4. ஃபிளாஷ், நைட் மோடு, ஏஐ சீன் மேம்பாடு, பியூட்டி என்று எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

5. திரையில் நிலாவின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும். பிறகு வெளிச்சத்தைக் குறையுங்கள். 'ரொம்ப இருட்டா இருக்கே' என்று தோன்றும் இடத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். வெள்ளையாக வெடித்துப்போன இடத்தில் எந்த எடிட்டிங்கும் பள்ளத்தைத் திரும்பக் கொண்டுவராது.

6. 3 விநாடி டைமர் வையுங்கள். போனைத் தொட்டாலே படம் ஆடும்.

கேமராவை நேரடியாக டெலஸ்கோப்பில் மாட்டுபவர்களுக்கு ஒரு தகவல். நிலாவின் படம் சென்சாரில் எவ்வளவு பெரிதாக விழும் என்றால், குவியத் தூரத்தில் 110இல் ஒரு பங்கு. 900 மி.மீ. டெலஸ்கோப்பில் சுமார் 8 மி.மீ. வெளிச்சத்துக்குப் பழைய போட்டோகிராபர்களின் விதி ஒன்று உண்டு: பௌர்ணமிக்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 100இல் ஒரு விநாடி. ராத்திரிப் படத்துக்கு இவ்வளவு வேகமா என்று தோன்றலாம். நமக்குத்தான் ராத்திரி, நிலாவில் அடிப்பது பட்டப்பகல் வெயில். நிலாவின் பாறை உண்மையில் பழைய தார்ச்சாலை அளவுக்குக் கறுப்பு. சுற்றிலும் கருவானம் இருப்பதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பாதி நிலா, முழு நிலாவில் பாதி வெளிச்சம் தரும் என்று நினைக்காதீர்கள். கிடைப்பது பத்தில் ஒரு பங்குதான். எல்லாம் நிழல்கள் செய்யும் வேலை.

மோட்டார் வைத்த ஸ்டாண்டு இல்லையே என்ற கவலை வேண்டாம். பூமி சுற்றுவதால் நிலா தன் அகலத்தைக் கடக்கவே 2 நிமிடம் எடுத்துக்கொள்ளும். 100இல் ஒரு விநாடியில் அது நகர்வது படத்தில் தெரியாது.

காற்று ஆடுது... என்ன செய்வது?

இவ்வளவும் சரியாகச் செய்தும், ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி நிலா நெளியும். காரணம் நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று. பகல் முழுக்க வெயிலைக் குடித்த கான்கிரீட் மாடி, இரவில் அந்தச் சூட்டைக் கக்கும். பக்கத்து வீட்டு ஏசியின் அவுட்டோர் யூனிட்டும் தன் பங்குக்கு ஊதும். அவற்றுக்கு நேர் மேலே பார்க்காதீர்கள். முடிந்தால் மாடித் தரையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஆறவிடுங்கள். நட்சத்திரங்கள் படபடவென்று மின்னினால் அன்று காற்று சரியில்லை என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் இருப்பதில் ஒரு லாபம் உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், நிலா நமக்குப் பல நாட்கள் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலேயே வரும். அப்போது அதன் ஒளி கடக்கும் காற்றின் தடிமன் மிகக் குறைவு. லண்டனில் இருப்பவருக்கு இந்த வசதி கிடையாது.

மிச்சமிருக்கும் ஆட்டத்துக்கு மருந்து வீடியோ. காற்று எப்போதும் ஒரே மாதிரி ஆடாது. இடையிடையே ஒரு கணம் அசையாமல் நிற்கும். அந்தக் கணத்தை நம் விரலால் பிடிக்க முடியாது, வீடியோவால் முடியும். விநாடிக்கு 30 ஃபிரேம் வீதம் 30 விநாடி எடுத்தால் 900 படங்கள். ஆட்டோஸ்டாகெர்ட், ரெஜிஸ்டாக்ஸ் போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, தெளிவான 10 அல்லது 20 சதவீதத்தை மட்டும் எடுத்து, ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி, சராசரி எடுத்துத் தரும். வானியலில் இதன் பெயரே லக்கி இமேஜிங், அதிர்ஷ்டப் படமெடுப்பு. 100 ஃபிரேம்களைச் சேர்த்தால் படத்தில் இருக்கும் புள்ளிப் புள்ளியான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

அப்போ இதுவும் எடிட்டிங்தானே?

நியாயமான கேள்வி. ஏஐ சேர்த்த பள்ளத்துக்கும், மென்பொருள் தெளிவாக்கிய பள்ளத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஒளி எங்கிருந்து வந்தது என்பதுதான் வித்தியாசம். 900 ஃபிரேம்களைச் சேர்க்கும்போது, படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் அன்றிரவு நிலாவில் பட்டு, உங்கள் டெலஸ்கோப்புக்குள் நுழைந்த ஒளி. கெட்ட ஃபிரேம்களைத் தள்ளுகிறீர்கள். புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. ஏஐ செய்வது வேறு. ஏற்கெனவே பார்த்துப் பழகிய ஆயிரக்கணக்கான நிலாப் படங்களை வைத்து, 'இங்கே இப்படித்தான் இருக்கும்' என்று அது நிரப்புகிறது. நிலா எப்போதும் ஒரே முகத்தைத்தான் நமக்குக் காட்டுகிறது. அதனால் அந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் நாளைக்கே நிலாவில் ஒரு புதுப் பள்ளம் விழுந்தால், ஏஐ பழைய நிலாவைத்தான் காட்டும். உங்கள் டெலஸ்கோப், அதன் வரம்புக்குள் இருந்தால், புதியதைக் காட்டும். சாட்சி சொல்வதற்கும் மனப்பாடம் ஒப்பிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆனால் நம் கையிலும் ஒரு தவறு நடக்கலாம். ஷார்ப்னஸை அளவுக்கு மீறி ஏற்றினால், பள்ளங்களின் விளிம்பில் வெள்ளை வளையமும் கறுப்புக் கோடும் முளைக்கும். அவை நிலாவில் இல்லை. கண்ணால் ஐபீஸில் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் போகாமல் நிறுத்துங்கள்.

சோதிக்க ஒரு சுலபமான வழி: உங்கள் படத்தை எல்ஆர்ஓ விண்கலத்தின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இலவச மென்பொருளான வர்ச்சுவல் மூன் அட்லஸிலும் பார்க்கலாம். ஒன்றை மறக்காதீர்கள். கண்ணாடி வைத்த நியூட்டோனியன் வகையில் படம் தலைகீழாக விழும். லென்ஸ் வகையில் வளைவுக் கண்ணாடிப் பெட்டி போட்டால் இடம் வலம் மாறும். எடிட்டிங்கில் முதலில் இதைச் சரிசெய்யுங்கள். வெளிநாட்டு வரைபடங்களில் பிறை செங்குத்தாக நிற்கும். நம் ஊரில் மாலைப் பிறை படகுபோல மல்லாந்து கிடக்கும். மேற்கே இறங்கும் நிலாவில் வடக்கு வலப்பக்கம், டைகோ இருக்கும் தெற்கு இடப்பக்கம்.

படத்தை வைத்து அளக்கலாம்

நிஜமான படம் என்பதற்கு இன்னொரு அடையாளம், அதை வைத்து அளவெடுக்க முடியும். பாதி நிலாவின் இரண்டு முனைகளுக்கும் இடையே எத்தனை பிக்சல் என்று எண்ணுங்கள். அதுதான் நிலாவின் விட்டம், 3,474 கி.மீ. அங்கே 1,800 பிக்சல் வந்தால், ஒரு பிக்சல் 1.93 கி.மீ. கோப்பர்நிக்கஸ் உங்கள் படத்தில் சுமார் 48 பிக்சல் இருந்தால் கணக்கு சரி.

மலையின் உயரமும் எடுக்கலாம். நிலாவின் நடுப்பகுதியில் 30 கி.மீ. என்பது சுமார் 1 டிகிரி. டெர்மினேட்டரிலிருந்து ஒரு சிகரம் 150 கி.மீ. தள்ளி இருந்தால், அங்கே சூரியன் அடிவானத்துக்கு மேலே 5 டிகிரியில் இருக்கிறது என்று பொருள். அதன் நிழல் 20 கி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20ஐ 5ஆல் பெருக்கி 57ஆல் வகுத்தால் உயரம் சுமார் 1.75 கி.மீ. பிளஸ் டூ கணக்குதான். 3.8 லட்சம் கி.மீ. தூரத்தில் இருக்கும் மலையை மாடியில் உட்கார்ந்தபடி அளந்துவிடலாம்.

நம்மோடு தொடர்புள்ள பள்ளங்கள்

நிலாப் பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயர் வைக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியது 1651இல் ரிச்சியோலி வெளியிட்ட வரைபடம். அந்தப் பட்டியலில் நம்மவர்களும் உண்டு. அரிஸ்டார்கஸுக்கு அருகே சுமார் 10 கி.மீ. அகலத்தில் இருக்கும் ராமன் பள்ளம், திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமனின் பெயரைத் தாங்கியது. திரயோதசியன்று 114 மி.மீ. டெலஸ்கோப்பில் முயன்று பார்க்கலாம். சாந்தக் கடலில் சாராபாய் (8 கி.மீ.) சப்தமிக்கு. அமைதிக் கடலின் கிழக்கில் எரிமலைக் குழம்பில் மூழ்கி, விளிம்பு மட்டும் வில்லாக எஞ்சியிருக்கும் ஆரியபட்டா (22 கி.மீ.) சஷ்டிக்கு.

எல்லாவற்றையும்விட எல்லோரும் தேடுவது, சந்திரயான் 3 இறங்கிய இடத்தை. நிலாவின் தெற்கு விளிம்புக்கு அருகே, தெற்கு 69 டிகிரியில், மான்சினஸ் என்ற பெரிய பள்ளத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. லேண்டர் தெரியாது, ஆனால் அந்த நிலப்பரப்பை உங்கள் படத்தில் சுட்டிக்காட்டலாம். 2023 ஆகஸ்ட் 23 மாலை, விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலம் தரை தொட்டபோது, வானில் வளர்பிறை சப்தமி நிலா. அந்த நாளைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சூரிய சக்தியில் இயங்கும் லேண்டருக்கு, நிலாவின் ஒரு பகல் முழுக்க, சுமார் 14 நாள் வெயில் வேண்டும். அதனால் அங்கே விடிந்த பிறகு, காலையிலேயே இறக்கினார்கள். நாம் படமெடுக்கத் தேடுவதும் அதே காலை வெயிலைத்தான். இறங்குவதற்கான சோதனைகளுக்கு நிலா மண்ணுக்கு இணையாகப் பயன்பட்டது, நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியின் பாறையிலிருந்து வந்த மண்.

கடைசியாக, கட்டாயமாக

டெலஸ்கோப்பைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. ஒரு நொடி போதும், பார்வை போய்விடும். பகலில் தெரியும் நிலாவை எடுக்க ஆசைப்பட்டால், சூரியன் கட்டிடத்துக்குப் பின்னால் மறையும் இடத்தில் நின்று எடுங்கள். மலிவு டெலஸ்கோப்புகளோடு வரும், ஐபீஸில் திருகும் 'சன் ஃபில்டரை' குப்பையில் போடுங்கள். சூட்டில் அது வெடித்துவிடக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், வேலை முடிந்ததும் மூடி போட்டு உள்ளே எடுத்து வையுங்கள்.

நிலா எங்கும் ஓடிப்போகாது. ஒரு தசமியில் மேகம் மறைத்தால், அடுத்த வளர்பிறையில் அதே கோப்பர்நிக்கஸ் அதே நிழலோடு காத்திருக்கும். 1840இல் நியூயார்க்கில் ஜான் வில்லியம் டிரேப்பர், பல நிமிடம் ஒளியைத் தேக்கி வெள்ளித் தகட்டில் நிலாவைப் பதித்தபோது அவருக்கும் இருந்த வசதி இதுதான். முதல் மாதம் எடுக்கும் படம் ஸ்டேட்டஸில் வரும் ஏஐ நிலாவைவிட மங்கலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அந்த மங்கலான பள்ளத்தைக் காட்டி, 'இது நான் பார்த்தது' என்று நீங்கள் சொல்லலாம்.